குளிர்ந்த நீரும் கரையில் நிற்பவரும்



ஆனி, ஆடி மாதங்களில் குமரிக் கடலின் நீர் குளிர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேல்மட்ட நீரைக் கரையைவிட்டுத் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழும்புகிறது. அந்தத் தணுப்போடு உரச்சத்தும் ஏறிவர, நுண்பாசி பெருகுகிறது. அதைத் தேடிச் சாளையும் நெத்திலியும் வருகின்றன. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையின் விசைப்படகுகள் தடைக்காலத்தால் துறைமுகத்தில் நிற்க, வள்ளங்களும் கட்டுமரங்களும் இந்தக் குளிர்நீரை நம்பியே புறப்படுகின்றன.

மீன் இருக்கும் இடத்தை யார் காட்டுவது? நம் முன்னோர் மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, கடலடிப் பாரின் இடத்தைக் குறித்தார்கள். அதற்குக் கணிச்சம் என்று பெயர். இன்றோ, ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் அளக்கும் நீரின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் கொண்டு மீன்வளப் பகுதிகளை அறிவிக்கிறது. முதியவரின் கணிச்சம் பழைமை என்று இளையோர் சிலர் ஒதுக்குகின்றனர். கருவியை நம்புவது விசுவாசக்குறைவு என்று பெரியோர் சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் தேவன் அருளிய அறிவே என்பது என் கருத்து. பருவமழை மேகம் வானத்தை மூடும்போது செயற்கைக்கோளால் நீரின் வெப்பத்தைச் சரியாகக் காண இயலாது. அப்போது முதியவரின் கண் தேவைப்படுகிறது. மலையும் கோபுரமும் மறையும் தொலைவில் கருவி தேவைப்படுகிறது.

திபேரியா கடலில் இரவெல்லாம் பாடுபட்டு ஒன்றும் அகப்படாத சீஷர்களை நினைத்துப்பாருங்கள். பேதுரு தொழில் தெரிந்தவர். ஆயினும் கரையிலிருந்து வந்த குரலுக்குச் செவிகொடுத்து வலப்புறம் வலையைப் போட்டார்கள். 153 பெரிய மீன்கள் அகப்பட்டன. நாம் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறோம். மீனைக் காட்டிய ஆண்டவர் அதோடு போய்விடவில்லை. கரிநெருப்பு மூட்டி, அப்பத்தோடு, அவர்கள் கரை சேரும்வரை அங்கேயே நின்றார்.

வழிகாட்டுதல் மீனோடு முடிவதன்று. வீடு திரும்புதலோடே முடிவது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் பல நாட்களுக்கு முன்னரே புறப்பட்டிருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்பதைக்கூடக் கரையில் இருந்தோரால் உடனே உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதன்பின், 2019இல், கைப்பேசிக் கோபுரம் எட்டாத தொலைவிலும் எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் கருவி அறிமுகமானது. ஆனால் கருவி பெட்டிக்குள் பூட்டிக்கிடந்தால் யாரைக் காக்கும்?

மீனைக் கொண்டுவரும் காற்றே அலையையும் உயர்த்துகிறது. ஆகவே, அன்பானவர்களே, இப்பொறுப்பு கடலுக்குப் போகிறவருடையது மட்டுமன்று. படகு உடைமையாளரே, தகவல் கருவி இயங்குகிறதா என்று பாராமல் படகை இறக்காதீர்கள். கடன் கொடுத்தவரே, காற்று எச்சரிக்கை உள்ள நாளில் தவணை கேட்டு ஒருவரையும் கடலுக்குத் துரத்தாதீர்கள். சபைகளே, ஒவ்வொரு பயணத்திலும் யார் யார் போயிருக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலை ஊரில் வைத்திருங்கள். கரையில் வாழும் நாம் மீனை விலைபேச மட்டும் கடற்கரைக்குப் போகிறவர்களா, நெருப்பு மூட்டிக் காத்திருக்கிறவர்களா?

ஆழத்தையும் அதன் குளிர்ந்த நீரையும் படைத்த கர்த்தர், இவ்வாரம் கடலுக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் பத்திரமாய்த் திரும்பக் கொண்டுவருவாராக. காத்திருக்கும் பொறுப்பை நமக்கும் உணர்த்துவாராக. ஆமென்.