வீட்டுக்குப் போவோம்

பங்குத்தந்தை வந்து ஜெபித்து, அறைகள்தோறும் தீர்த்தம் தெளித்துப் புது வீட்டை மந்திரித்துச் சென்றபின், காய்ச்சிய பாலை எல்லோருக்கும் வழங்கி முடித்து, உற்றாரும் அயலாரும் வாழ்த்துச் சொல்லி விடைபெற்றுக்கொண்ட அந்த மாலையில், கூடத்தின் நடுவில் தனியாக நின்ற என் பேரன், ஒரு வருஷமும் பத்து மாதமும் நிரம்பிய சிறுவன், தன் அப்பத்தாளின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, "வீட்டுக்குப் போவோம்" என்றான். "இதுதாம்ப்பா நம்ம வீடு" என்று அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்து, வாசற்பக்கம் கையை நீட்டி, மறுபடியும் அதே இரண்டு சொற்களைச் சொன்னான். அழுதுகொண்டோ அடம் பிடித்தோ சொல்லவில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் பொழுது சாய்ந்துவிட்டதே என்று நினைவூட்டுகிற பெரிய மனிதனைப்போல நிதானமாகவே சொன்னான். அன்றிரவு அவன் தூங்க வெகு நேரமாயிற்று. எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடாவின் கரையில் இருக்கும் எங்கள் காரங்காட்டை, வனத்துறைப் படகிலேறி அலையாத்திக் காட்டைப் பார்த்துப் போக வருகிற வெளியூர்க்காரர்கள் இப்போது நன்றாக அறிவார்கள். அவர்கள் காணாத காரங்காடு ஒன்று தெருக்களுக்குள் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஓலைக் கூரைகளை இறக்கிவிட்டுச் செங்கல்லும் சிமெண்டுமாக உருமாறி வருகிறது. 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பதைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பும்போதெல்லாம் கூரைக் கயிறுகளைச் சோதித்தபடியே இரவைக் கழித்தவர்களுக்கும், இந்த மாற்றம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே புது வீடுகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. என் மகன் வல்லத்தில் கடலுக்குப் போய்ச் சேர்த்த பணமும், மருமகளின் நகைகளும், என் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததும் சேர்ந்து எழும்பிய வீட்டை நானும் நேசிக்கிறேன். ஆனால் அந்த வீட்டைக் கட்டும்போது கொத்தனாரைக் கேட்டோம், தச்சரைக் கேட்டோம், உறவில் மூத்தவர்களைக் கேட்டோம். மூன்றடி உயரம்கூட இல்லாத ஒருவன் பகல் முழுவதும் இதில் எங்கே இருக்கப்போகிறான் என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

பழைய வீடு இதே தெருவின் கோடியில், நூறு தப்படி தூரத்தில் இருக்கிறது. மண்சுவர், பனையோலைக் கூரை, ஒரே அறை, பின்னால் அடுப்படி. முன்னால் வீட்டின் அகலத்துக்கு ஓர் ஒட்டுத்திண்ணை, அதன்மேல் தாழ இறக்கிய ஓலைச் சாய்ப்பு. என் பேரன் பிறந்தது ஆஸ்பத்திரியில், வளர்ந்தது அந்தத் திண்ணையில். அங்கேதான் அவன் குப்புற விழுந்தான், அங்கேதான் தவழ்ந்தான், அதன் விளிம்பைப் பிடித்துத்தான் முதன்முதலாக எழுந்து நின்றான்.

கடலுக்குப் போகிறவன் வீட்டில் காலம் மற்றவர் வீட்டுக் காலத்தைப் போல ஓடுவதில்லை. நடுச்சாமத்துக்குப் பின் எழுந்து போகிற தகப்பன், வெயில் ஏறியபின் கரைக்கு வந்து, வலையை ஒதுக்கி, மீனையோ நண்டையோ எடை போட்டுக் கொடுத்துவிட்டு, உண்டு, உச்சிப்பொழுதில் படுக்கிறான். குழந்தையோ அந்த வேளையில்தான் உலகத்தையெல்லாம் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்க ஆசைப்படுகிறது. ஓலை வீட்டில் இதற்கு ஒரு பரிகாரம் இயல்பாகவே அமைந்திருந்தது: தகப்பன் உள்ளே, பிள்ளை திண்ணையில். என் மருமகளும் அடுத்த வீட்டுப் பெண்களும் சாய்ப்பின் நிழலில் வலையைப் பரப்பிச் சிக்கெடுத்துக்கொண்டிருக்க, அவன் ஓர் ஓலைக் கொட்டானுக்குள் சிப்பிகளைப் போட்டுக் கொட்டி, மறுபடியும் போட்டுக் கொட்டி, ஒரு பிற்பகலைக் கழித்துவிடுவான். யாரும் அவனைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் எந்தக் கணத்திலும் நான்கு ஜோடிக் கண்கள் அவன்மேல் இருந்தன. தெருவில் போகிறவர்களெல்லாம் அவனிடம் ஒரு வார்த்தை பேசிப் போனார்கள். அவன் கற்ற பேச்சில் பாதி அப்படி வந்ததுதான்.

புது வீட்டில் திண்ணை இல்லை. இரண்டு படி ஏறினால் இரும்புக் கதவு, அதைத் தாண்டினால் கூடம். இப்போது உச்சிப்பொழுதில் தகப்பன் தூங்குவதற்காகப் பிள்ளையை அடக்குகிறார்கள். பிள்ளை அடங்கவில்லையென்றால் கைப்பேசியில் எதையாவது ஓடவிட்டு அவன் கையில் கொடுக்கிறார்கள். இந்தக் கடைசி வழக்கத்துக்காக இளம் தாய்மார்களைக் கண்டிக்கிற பிரசங்கங்கள் நாள்தோறும் நடக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அது அநீதி. குழந்தைக்கு இருந்த ஓர் இடத்தை வீட்டின் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு, அந்த வெற்றிடத்தை ஒற்றை ஆளாக நிரப்பப் பிரயாசைப்படுகிற பெண்ணைக் குற்றவாளியாக்குகிறோம்.

குழந்தையின் மனம் ஓர் இடத்தை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு இருந்ததும் பலர் அறிந்த விஷயம். பிறந்து இரண்டு மூன்று வருஷம் வரையில், பொருள்கள் அவற்றுக்குரிய இடத்தில் இருக்க வேண்டும் என்ற உணர்ச்சி குழந்தைக்கு ஒரு பசியைப் போல இருக்கிறது என்பது அவர் கண்டது. விருந்தாளி ஒருத்தி தன் குடையை மேஜைமேல் வைத்ததைக் கண்டு ஒரு சிசு கதறியதையும், என்ன சமாதானம் சொல்லியும் கேளாமல், குடையை அங்கிருந்து அகற்றியவுடன் ஓய்ந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு குடை இடம் மாறியதற்கே அப்படியென்றால், கூரை, தரை, வாசல், வெளிச்சம், காற்றின் வாசனை எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன பிள்ளை "வீட்டுக்குப் போவோம்" என்று சொன்னதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நூறு தப்படி என்பது நமக்குத்தான் நூறு தப்படி.

அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த கதையும் எங்கள் விஷயத்துக்கு வெகு அருகில் வருகிறது. 1907-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அது தொடங்கிற்று. பாழடைந்த கட்டடங்களைச் செப்பனிட்டுத் தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியவர்கள், பெற்றோர் வேலைக்குப் போன பகற்பொழுதில் பள்ளிக்குச் செல்லும் வயது வராத பிள்ளைகள் புதிதாய்ப் பூசிய சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கிவிடுவார்களே என்று அஞ்சினார்கள்; அந்த அச்சத்தின் பயனாகத்தான் அதே கட்டடத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டு, அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவரைக் காப்பாற்றப் போனவர்கள் குழந்தைக்கும் வீட்டில் ஓர் இடம் வேண்டும் என்ற உண்மையில் வந்து நின்றார்கள். எங்கள் கூடத்துச் சுவரில் என் பேரன் கரித்துண்டால் முதல் கோடுகளை இழுத்தபோது, கை ஓங்கிய மகனை நான் தடுத்து நிறுத்தினேன். கோடு இழுத்த மறுநாளிலிருந்து அவன் அந்தச் சுவர்ப் பக்கமே போய் உட்கார்ந்து விளையாடுகிறான். அது அவனுடைய மூலை ஆகிவிட்டது.

குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எங்கள் ஊர் அலையாத்தியைக் கவனித்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள். அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் முளைவிட்டு, பிறகு உதிர்ந்து, ஏற்றவற்றத்தோடு மிதந்து எங்கேயாவது சேற்றில் ஒதுங்குகிறது. ஒதுங்கிய இடத்தில் சில நாட்களாவது அலை வந்து அசைக்காமல் இருந்தால்தான் வேர் இறங்கும். அதைப் பார்த்துப் பழகிய நாங்கள் இந்த வீட்டிலும் சிலவற்றை அசைக்காமல் வைத்தோம். புதுக் கட்டில் வாங்கியிருந்தும், பழைய கோரைப்பாயையே விரித்து, முன்பு படுத்த வரிசைப்படியே, அப்பத்தாளுக்கும் தாய்க்கும் நடுவில் அவனைப் படுக்க வைத்தோம். ஓலைக் கொட்டானும், விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டும், கிலுகிலுப்பையும் வந்தன. சாயங்காலந்தோறும் நான் அவனைப் பழைய வீட்டுக்கு அழைத்துப் போய்த் திண்ணையில் சற்று உட்கார வைத்துத் திரும்ப அழைத்து வந்தேன். அது பிள்ளையைக் கெடுக்கும் என்றார்கள் சிலர். கெடுக்கவில்லை. மூன்றாம் வாரத்தில், திரும்பி வரும்போது முன்னால் நடந்தது அவன்தான்.

இவையெல்லாம் குடும்பத்துக்குள் செய்துகொள்ளக்கூடியவை. ஒரு விஷயம் அப்படியன்று. அதைச் சொல்லும்போது இப்போதும் என் உள்ளம் பதறுகிறது. எங்கள் கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் வராத நாளில் குடிக்கலாம். குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு பெண்கள் போவது இந்த ஜில்லாவில் எங்கும் காணும் காட்சி. ஆகையால் புது வீடு கட்டுகிறவர்கள் முதல் வேலையாகத் தரைக்குள் ஒரு தொட்டி கட்டுகிறார்கள், நாங்களும் கட்டினோம். அதன்மேல் போட்ட தகர மூடி இலேசானது. ஒரு நாள் காலை, தண்ணீர் எடுத்தபின் பாதி திறந்து கிடந்த அந்த வாயின் ஓரத்தில் பேரன் குப்புறப் படுத்து, உள்ளே தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை என் மருமகள் கண்டாள். அவள் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திடுக்கிடுவானென்று சத்தமின்றி ஓடிக் காலைப் பிடித்து இழுத்தாள். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2021-இல் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்களென்றும், அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை என்றும் கணக்கிடுகிறது. கடற்கரையில் வாழ்கிற நாங்கள் கடலிடமிருந்து பிள்ளைகளைக் காக்கப் பழகியவர்கள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட தண்ணீரிடமிருந்து காக்க இன்னும் பழகவில்லை. இந்தப் பிராயத்துப் பிள்ளைக்கு ஒரு வாளியில் இரண்டு அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும். பெரியவர் ஒருவர் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாலன்றித் திறக்காத கனமான மூடி, அல்லது பூட்டுள்ள மூடி, தொட்டி கட்டும் செலவிலேயே சேர வேண்டும்.

இனிப் பொதுக் காரியத்துக்கு வருகிறேன். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் ஊரக வீட்டு வசதித் திட்டம், வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி இருக்க வேண்டும் என்கிறது. 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளுக்குப் பதிலாக நிலையான வீடுகள் எழும்ப வேண்டுமென்ற லட்சியத்தோடு, 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்குகிறது. இது ஓர் உயர்ந்த காரியம். அதன் விதிகளில் ஒன்று என் கவனத்தைப் பிரத்தியேகமாக ஈர்த்தது: 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம், எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். அந்த 60 சதுர அடிதான் நான் கேட்கிற திண்ணை. தெருவைப் பார்த்து, ஓட்டுச் சாய்ப்பு இறக்கி, அதை வீட்டின் முகமாக வைத்துவிட்டால், பங்குனி சித்திரையில் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிற கான்கிரீட்டின் அடியில் புழுங்குகிற குடும்பத்துக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கும்; தகப்பனின் தூக்கமும் பிள்ளையின் விளையாட்டும் ஒன்றையொன்று பகைக்காமல் பிழைக்கும்; தாய் வேலை செய்யும் இடமும் பிள்ளை இருக்கும் இடமும் மறுபடியும் ஒன்றாகும்.

திண்ணை என்ற சொல்லைக் கேட்டவுடன், யார் அதில் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்று அளந்து வைத்த பழைய பெரிய வீட்டுத் திண்ணைகள் சிலருக்கு ஞாபகம் வரக்கூடும். அந்த ஞாபகம் நியாயமானது. அவை மறைந்ததற்காக நான் வருந்தவில்லை. நான் சொல்வது வலையைக் கொண்டுவந்தவர் யாராயினும் உட்கார்ந்துகொள்கிற கடலோரத்து ஒட்டுத்திண்ணையை. இடமில்லையே என்பார்கள், மூன்றடி அகலம் போதும். கள்ளர் பயம் என்பார்கள். இரும்புக் கதவு திண்ணைக்கு உட்புறமாகவே இருக்கட்டும். அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். அங்கு பிள்ளை இருப்பது சில மணி நேரம், அதுவும் அதற்குரிய வயது வந்தபின். அதற்கு முற்பட்ட இரண்டு வருஷங்களுக்கு வீட்டைத் தவிர அவனுக்கு வேறு ஸ்தாபனம் கிடையாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைப்பதற்காக ஒரு மனு எழுதியிருக்கிறேன். புதிதாக அனுமதி பெறும் வீடுகளில் அந்த 60 சதுர அடி திண்ணையாக அமைய வேண்டும், தரைத்தொட்டிக்குக் கனத்த மூடி வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகள்தான் அதில் இருக்கின்றன. எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு திண்ணை எழும்பப்போகிறது. கொத்தனார் அளவெடுக்க வந்தபோது, வழக்கப்படி ஒன்றரை அடி உயரம் வைக்கலாம் என்றார். செங்கற்களை அந்த உயரத்துக்கு அடுக்கிப் பேரனைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அவன் இரண்டு கைகளையும் மேலே ஊன்றி, காலைத் தூக்க முயன்று, முடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டோம். ஓரடியில் முழங்காலை வைத்து ஏறி, திரும்பி உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டான். மனுவிலும் ஓரடி என்றே எழுதியிருக்கிறேன்.