புகை போட்டது கொசுவுக்கு, செத்தது தொழிலாளி

தோட்டத்தில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று ஒரு குறி. பத்துப் பேர் படுத்தால் பத்துக் குறி. ஏன் வரவில்லை, எந்த லயத்தார், எந்த நிரையில் மரம் வெட்டினவர், எந்தத் தண்ணீரைக் குடித்தவர் என்று எழுத அந்த ஏட்டில் இடமே கிடையாது. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்கள் நிர்வாகத்தில் மட்டுமல்ல, நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நாட்டில் நடந்த ஒரு சாவுக் கணக்கை நினைவூட்ட விரும்புகிறோம்.

1998 செப்டம்பர் கடைசியில், ஈப்போவை அடுத்த வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் பாடுபட்டவர்கள் கடுங்காய்ச்சல் கண்டு நினைவு தப்பி விழுந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டப்பட்டது. சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான அடையாளமும் தென்பட்டது. அதை நாம் மறைக்கவில்லை. புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. டிசம்பரில் நெகிரி செம்பிலான் சிக்காமட்டுக்கு வந்தது. பிறகு பெரும் பன்றிப் பண்ணை வட்டாரமான புக்கிட் பெலாண்டோக்கில் புகுந்து சூறையாடியது. பேராக் பண்ணைகளிலிருந்து விற்கப்பட்ட பன்றிகள் லாரியேறித் தெற்கே போயின. நோயும் அதே லாரியில் போயிற்று. கொசுவைத் தேடியவர்கள் லாரியைப் பார்க்கவில்லை.

தோழர்களே, கொஞ்சம் நிதானித்து எண்ணிப் பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் வேலை செய்கிற வயதில் உள்ள ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை; ஆனால் அதே வட்டாரத்தில், அதே கொசுக்கடியில் வாழ்ந்த மலாய்க்காரர்கள் ஏறக்குறைய முழுவதும் தப்பினார்கள். பன்றியைத் தொடாத அண்டை வீட்டாரும் தப்பினார்கள். தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களும் விழுந்தார்கள். மனிதருக்கு முன்னால் பன்றிகளே நோயுற்றன. அவை இருமிய இருமல் ஒரு மைலுக்குக் கேட்கும் என்று பெயரெடுத்தது. இத்தனையும் கண் முன்னால் கிடந்தது. யார் விழுந்தார், யார் விழவில்லை, விழுந்தவருக்கு என்ன வேலை என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதினால், விரல் கொசுவைக் காட்டாது. பன்றிக் கொட்டகையைத்தான் காட்டும். சந்தேகம் எழுப்பிய மருத்துவர்களும் இருந்தார்கள். ஆனால் புகை மட்டும் ஓயவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த கிருமி அது. பிறகுதான் இராணுவம் இறங்கியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. கண்டறியப்பட்ட நோயாளிகள் 265, மாண்டவர்கள் 105. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனர். பண்ணைகளில் கூலிக்கு உழைத்த நம் இந்தியரும் அவர்களில் உண்டு. சிங்கப்பூரில் அதே மார்ச்சில் மலேசியப் பன்றிகளை அறுத்த தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் மாண்டார். அங்கே இறக்குமதியை நிறுத்தினார்கள், நோயும் நின்றது.

கிருமிக்குப் பெயர் சூட்ட ஆய்வுக்கூடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று காட்ட எண்ணிக்கை போதும். எப்பிடெமியோலஜி என்று பட்டணத்தில் படித்துப் பட்டம் வாங்கும் சாத்திரத்தின் அடிவேர் இவ்வளவுதான்: யாருக்கு, எங்கே, எப்போது. இதற்கு மேல் இன்னொன்றும் வேண்டும். வழக்கமாக எத்தனை பேர் படுப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். மாதத்துக்கு மூன்று காய்ச்சல் காணும் டிவிஷனில் ஒரே வாரத்தில் ஒன்பது என்றால் அபாயமணி. அந்த மூன்றை எழுதி வைக்காதவனுக்கு ஒன்பதும் ஒன்றுதான், தொண்ணூறும் ஒன்றுதான்.

நோய்க்கு மட்டும் சொல்லவில்லை. 2014 டிசம்பர் வெள்ளத்தில் இந்நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்த பின் கிளந்தானில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பெருகியது. அந்தக் கிருமி உடலில் புகுந்தவுடன் காய்ச்சல் காண்பதில்லை. ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதங்கூட ஆகும். அதற்குள் நிவாரண முகாம் மூடப்பட்டிருக்கும். அரிசியும் போர்வையும் கொடுத்துப் படம் பிடித்துக் கொண்டவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். நம் ஆள் வெடித்த பாதத்தோடு சேற்றில் நடந்து மரம் வெட்டிக் கொண்டிருப்பான். காய்ச்சல் வந்தால் "சாதாரணக் காய்ச்சல்" என்று இரண்டு மாத்திரை. ஆரம்பத்திலேயே தக்க மருந்து கொடுத்தால் பிழைக்கக் கூடியவன், சிறுநீரகம் கெட்ட பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறான். இந்தக் காய்ச்சலையும் அந்த வெள்ளத்தையும் முடிச்சுப் போட ஓர் ஏடு இருந்தால்தானே!

நிர்வாகம் என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும். கிராணிக்கு வேலை கூடும் என்பார்கள். நிறையின் கணக்கைக் கிராம் பிசகாமல் எழுத நேரம் இருக்கிறதாம், காய்ச்சலுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையாம்! ஆட்கள் பொய்க் காய்ச்சல் சொல்வார்கள் என்பார்கள். அதைப் பார்க்கத்தான் மருத்துவர் இருக்கிறார்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பெரட்டில் முதலில் ஆள் குறைவதைப் பார்ப்பவர் நீங்கள்தான், சுகாதார அதிகாரி அல்ல. பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி பிடித்துக் கொடுத்து விடுவார்கள் என்று அஞ்சிக் காய்ச்சலை மறைக்கிறான். அவன் பெயர் வேண்டாம், குடிசையில் ஒரு காய்ச்சல் என்று எழுதினால் போதும். அவன் குடிக்கிற தண்ணீரைத்தான் நம் பிள்ளைகளும் குடிக்கின்றன.

ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு காய்ச்சல் ஏடு வேண்டும். தேதி, வயது, லயம், வேலை, தண்ணீர் எடுத்த இடம் அதில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அது மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டும். சங்கக் கிளையும் பார்க்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஏடு வாங்கப் பணமில்லை என்று நிர்வாகம் சொல்லுமானால், அந்த நாலு வெள்ளியைக் கிளையே போடட்டும். அதை ஆபீசில் வைக்க மேசையில் இடம் தருவார்களா, மாட்டார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.