உப்பு நம்முடையது, கரி யாருடையது?

கடலில் உப்பு உள்ளவரை சோடியம் தீராது. ஆகவே லித்தியத்துக்காக அயல்நாடுகளிடம் கையேந்தும் நிலை ஒழிந்தது என்ற குரல் முதலாளித்துவ ஏடுகளில் ஓங்கி ஒலிக்கிறது. தோழர்கள் சிலரும் அதை மகிழ்ச்சியுடன் வழிமொழிகின்றனர். 1930இல் தண்டிக் கடற்கரையில் உப்புக்குப் பஞ்சமில்லை. அதை எடுக்கும் உரிமையைத்தான் ஆங்கிலேய அரசு பறித்து வைத்திருந்தது. சோடியம் அயனி மின்கலத்திலும் சிக்கல் அங்கேதான் உள்ளது. அதைக் காண மின்முனைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

மின்னேற்றும்போது சோடியம் அயனிகள் நேர்மின்முனையை விட்டு, மின்பகு கரைசல் வழியே எதிர்மின்முனையை அடைகின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியே அங்கு வந்து சேர்கின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது இரண்டும் திரும்புகின்றன. திண்மப் பொருளின் அடுக்குகளுக்கிடையே அயனி புகுவதற்கு இடைச்செருகல் என்று பெயர். தமிழ் பயின்றோருக்கு இச்சொல் சற்று உறுத்தும். ஏடு பெயர்த்தெழுதியோர் மூலநூலில் நுழைத்த பாடல்களையே நாம் இடைச்செருகல் என்போம். அது மூலத்தைக் கெடுப்பது. இங்கோ, ஆயிரக்கணக்கான முறை அயனி புகுந்து வெளியேறிய பின்னும் மூலம் சிதையாதிருக்க வேண்டும். மின்கலத்தின் ஆயுள் பெரிதும் அதைப் பொறுத்ததே.

லித்தியம் மின்கலத்தில் எதிர்மின்முனையாக அமைவது பெரும்பாலும் கிராஃபைட். அது சோடியத்தை ஏற்பதில்லை. சோடியம் அயனி பெரியது என்பதே காரணமெனப் பலரும் எழுதுகின்றனர். அது போதாது, அதனினும் பெரிய பொட்டாசியத்தைக் கிராஃபைட் ஏற்கிறது. சோடியத்துக்கும் கார்பன் அடுக்குகளுக்கும் இடையிலான பிணைப்பு வலுவற்றது என்பதே மெய்க்காரணம். எனவே கடினக் கரி தேவைப்படுகிறது. தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை போன்றவற்றைக் காற்றுப்படாமல் ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டு இதனைச் செய்யலாம். இதில் கார்பன் அடுக்குகள் ஒழுங்கின்றிக் கலைந்து கிடக்கும். அவற்றின் குறைபாடுள்ள இடங்களில் சோடியம் ஒட்டிக்கொள்கிறது. அகன்ற இடைவெளிகளில் புகுகிறது. நுண்துளைகளில் ஏறத்தாழ உலோகமாகவே திரள்கிறது. எங்கு எவ்வளவு என்ற விவாதம், 2000ஆம் ஆண்டில் கனடாவின் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் சீட்டுக்கட்டு வீட்டை உவமையாக்கி விளக்கியது முதல் இன்றுவரை ஓயவில்லை. நேர்மின்முனையில் இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்கள் தம் இணைதிறனை மாற்றி மின்னூட்டக் கணக்கை நேர்செய்கின்றன. கோபால்ட் இன்றியே பல வகைகள் இயங்குகின்றன.

ஆக, மதிப்பு உப்பில் இல்லை. எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எத்தகைய துளைகளுடன் கரியைச் சுடுவது என்ற அறிவில்தான் உள்ளது. அந்த அறிவு காப்புரிமையாகிறது. காப்புரிமை விலைக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஃபாரடியான் நிறுவனத்தை 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்குவதாக 2021 டிசம்பர் இறுதியில் ரிலையன்ஸ் அறிவித்தது. வாங்கப்பட்டது உப்பளமன்று.

பெங்களூரு, காரைக்குடி அரசு ஆய்வகங்களிலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது, மக்கள் பணத்தில். பகல்நேரச் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் நிலையங்களுக்குச் சோடியத்தின் கூடுதல் எடை ஒரு பொருட்டன்று. அந்நிலையங்களுக்கான மின்கலங்களைப் பொதுத்துறையே உற்பத்தி செய்ய வேண்டும், அரசு ஆய்வகக் காப்புரிமைகளைத் தனியாருக்குத் தாரைவார்க்கக் கூடாது என்ற கோரிக்கைகளை மின்வாரியத் தொழிற்சங்கங்கள் இப்போதே எழுப்ப வேண்டும். ஒப்பந்தங்கள் கையெழுத்தான பிறகன்று.