மரம் யார் பேரில்?

போன மாதம் ஒரு நாள் காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காலேஜில் படிக்கும் என் பெண், செல்போனில் ஏதோ இங்கிலீஷ் பாட்டைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் போடுகிற பாட்டுக்கு, "சத்தத்தைக் குறைடி" என்று ஒரு குரல் கொடுப்பேன். அன்றைக்கு என்னமோ என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரே ஒரு கிடார். அதோடு தளர்ந்துபோன ஒரு பாட்டியின் குரல். அலட்டல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது.

"யாருடி இது?" என்றேன்.

"எலிசபெத் காட்டன்னு அமெரிக்காவிலே ஒரு பாட்டிம்மா. வீட்டு வேலை பார்த்துக்கிட்டிருந்தவங்க. அறுபது வயசுக்கு மேலதான் முதல் ரிகார்டே வந்துது."

அவ்வளவுதான், சாம்பாரை மறந்தேன். அடுத்த ஒரு வாரம் அவளை விடவில்லை. இந்தப் பாட்டியைப் பற்றியும், அவர் மாதிரி பாடிப் பிழைத்த மற்ற பெண்களைப் பற்றியும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேட்டதை உங்களிடமும் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து மாநிலங்களில் இரண்டு வகைப் பாட்டு வளர்ந்ததாம். பண்ணைகளிலும் மலைக் கிராமங்களிலும் இருந்த வெள்ளைக்காரக் குடியானவர்கள் பாடி வந்தது 'கண்ட்ரி'. கறுப்பு இன மக்கள் தங்கள் கஷ்டத்தை வைத்துப் பாடியது 'ப்ளூஸ்'. இரண்டும் ஏழைகளின் பாட்டு. ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் வளர்ந்தவை.

எலிசபெத் காட்டன் 1893-ல் வட கரோலினா மாநிலத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன் வேலைக்குப் போனதும் அவனுடைய பாஞ்சோ வாத்தியத்தை ரகசியமாக எடுத்து வாசிப்பாராம். சின்ன வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 75 சென்ட். அதைச் சேர்த்து வைத்து 3 டாலர் 75 சென்டுக்கு ஒரு கிடார் வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து மாதத்து முழுச் சம்பளம்!

அவருக்கு இடது கைப் பழக்கம். கிடாரோ வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. என்ன செய்தார்? கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கட்டை விரலால் வாசிக்கும் தந்திகளை விரல்களாலும், விரல்களால் வாசிப்பதைக் கட்டை விரலாலும் வாசித்தார். தெரியாத்தனமாக வந்த இந்த வழக்கத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்து, 'காட்டன் பாணி' என்று கிடார் பழகுகிறவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டுப் பக்கத்தில் ரயில் பாதை. போகிற வருகிற ரயிலைப் பார்த்துப் பார்த்து, பதினோரு பன்னிரண்டு வயதில் 'ஃபிரெய்ட் டிரெயின்', அதாவது சரக்கு ரயில் என்று ஒரு பாட்டுக் கட்டினார். நான் கேட்ட பாட்டு அதுதான்.

பிறகு நமக்கெல்லாம் தெரிந்த கதை. பதின்வயதிலேயே கல்யாணம். ஒரு பெண் குழந்தை. சர்ச்சில் சேர்ந்ததும், "இந்த மாதிரி உலகப் பாட்டெல்லாம் கூடாது, பக்திப் பாட்டு மட்டும் பாடு" என்று சொல்லிவிட்டார்கள். கிடார் மூலைக்குப் போயிற்று. வீட்டு வேலை, சமையல், குழந்தை என்று பல பத்து வருஷங்கள் ஓடிவிட்டன. நம்மில் எத்தனை பேருடைய வீணையும் வயலினும் இப்படிப் பரணில் இருக்கிறது!

1940-களில் அவர் வாஷிங்டன் நகரத்தில் ஒரு பெரிய கடையில், பொம்மை விற்கும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு சிறுமி அம்மாவைத் தவற விட்டுவிட்டாள். எலிசபெத் அவளைத் தேடிப் பிடித்து அம்மாவிடம் சேர்த்தார். அந்த அம்மாள் ரூத் கிராஃபோர்ட் சீகர். அவரே ஒரு சங்கீத மேதை. கணவர் சார்ல்ஸ் சீகர் இசை ஆராய்ச்சி செய்தவர். நாட்டுப்புறப் பாடல்களைச் சேர்ப்பதே அந்த வீட்டின் பிழைப்பும் பொழுதுபோக்கும். "எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாயா?" என்று ரூத் கேட்க, எலிசபெத் போனார்.

அந்த வீட்டில் சுவரில் ஒரு கிடார் மாட்டியிருக்கும். ஒரு நாள் குழந்தை பெக்கி, காணாமல் போனாளே அவள்தான், உள்ளே வந்து பார்க்கிறாள். ரொட்டி சுடுகிற, துணி தேய்க்கிற அம்மாள் கிடாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கிறார்! அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் விரல் மறக்கவில்லை.

பெக்கியின் அண்ணன் மைக் சீகர், எலிசபெத்தின் வீட்டுக்கே போய் அவர் வாசிப்பதைப் பதிவு செய்தார். 1958-ல் முதல் ரிகார்டு வந்தபோது எலிசபெத்துக்கு வயது 65. நம் ஊரில் ரிடையர் ஆகி ஈஸிசேரில் சாய்கிற வயது!

இங்கேதான் கதையில் ஒரு சிக்கல். அந்த ரிகார்டு வருவதற்கு முன்பே பெக்கி பெரியவளாகி இங்கிலாந்து போயிருந்தாள். போன இடத்தில் ஆசையாக 'சரக்கு ரயிலை'ப் பாடினாள். கேட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது. 1957-ல் அங்கே ஒரு கோஷ்டி அதை ரிகார்டாகப் போட்டு, அது பிரமாதமாக விற்றது. ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்று ரிகார்டில் இருந்தது வேறு இரண்டு ஆண்களின் பெயர்! பன்னிரண்டு வயதுப் பெண் ரயில் பாதையோரம் கட்டிய பாட்டு, கடல் தாண்டிப் போய் ஊரார் சொத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் எலிசபெத் இன்னமும் வீட்டு வேலைதான் செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் விடாமல் முயன்ற பிறகுதான் பாட்டில் அவருடைய பெயரும் ஏறியது.

இதில் என்ன பெரிய விஷயம், பெயர்தானே என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. என் பெண் விளக்கினாள். நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு பாட்டை மாமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடி ரிகார்டு போடுகிறவர், ஒரு கூடை மாம்பழம் விற்கிறவர். அந்தக் கூடைக்கு மட்டும்தான் அவருக்குக் காசு. மரத்துக்குச் சொந்தக்காரர் பாட்டை எழுதியவர். யார் எப்போது பாடினாலும், ரேடியோவில் போட்டாலும், சினிமாவில் வைத்தாலும் அவருக்கு ஒரு பங்கு வரும். அதற்குத்தான் ராயல்டி என்று பெயர். கையெழுத்துப் போட்டு மரத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எத்தனை காய்த்தாலும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பிக் மாமா தார்ன்டன் என்று ஒரு ப்ளூஸ் பாடகி. ஆகிருதியும் பெரிது, குரலும் பெரிது. 1952-ல் 'ஹவுண்ட் டாக்' என்ற பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். 1953-ல் கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். எழுதியவர்கள் இரண்டு இளைஞர்கள்; ஆகவே மரம் இவருடையது இல்லை. சுமார் 500 டாலருக்கு ஒரே ஒரு செக்தான் தனக்கு வந்தது என்று பின்னாளில் சொன்னார். 1956-ல் எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடியபோது லட்சக்கணக்கில் விற்றது.

சரி, அது பிறத்தியார் பாட்டு. ஆனால் 'பால் அண்ட் செயின்' இவரே எழுதிய பாட்டு. அந்த மரத்தையாவது காப்பாற்றிக்கொள்ள முடிந்ததா? இல்லை. பதிவு செய்த கம்பெனியிடம் உரிமை போய்விட்டது. 1960-களின் கடைசியில் ஜானிஸ் ஜாப்ளின் என்ற வெள்ளைக்காரப் பெண் அதைப் பாடி ஊரே கொண்டாடியபோது, பாட்டு எழுதியவருக்குப் போயிருக்க வேண்டிய பணம் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1984-ல், 57 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியில் இறந்துபோனார். கௌரவம் மட்டும் பின்னால் வந்தது. 2024-ல் 'ராக் அண்ட் ரோல்' புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். செத்த பிறகு மாலை போட்டு என்ன பிரயோசனம்?

இப்போது மூன்றாவது பெண்மணி, டாலி பார்ட்டன். டென்னஸி மலைப் பகுதியில் 1946-ல் பிறந்தவர். பன்னிரண்டு குழந்தைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல், அப்பா ஒரு மூட்டை சோள மாவு கொடுத்தாராம்! 1964-ல் பள்ளிக்கூடம் முடிந்த மறுநாளே, கண்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். போர்ட்டர் வாகனர் என்ற பாடகரின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் 1967-லிருந்து பாடினார். அவரை விட்டுத் தனியாக வர வேண்டிய நேரம் வந்தபோது, சண்டை போடாமல் ஒரு பாட்டு எழுதி விடைபெற்றார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974-ல் வெளிவந்து கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்தப் பாட்டைப் பாட எல்விஸ் பிரெஸ்லியே ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எல்விஸின் மானேஜர் ஒரு நிபந்தனை போட்டார். பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்! யோசித்துப் பாருங்கள். வறுமையில் வளர்ந்த பெண். உலகத்திலேயே பெரிய பாடகர் காத்திருக்கிறார். சுற்றியிருப்பவர்கள் யாராக இருந்தாலும், "பைத்தியமா, போட்டுக் கொடு" என்றுதான் சொல்லுவார்கள். டாலி முடியாது என்றார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அழுதார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

1992-ல் விட்னி ஹூஸ்டன் ஒரு சினிமாவுக்காக அதே பாட்டைப் பாடினார். அமெரிக்காவில் பதினாலு வாரம் முதலிடம்! உலகமெல்லாம் அந்தப் பாட்டு ஒலித்தது. மரம் டாலியுடையது. ஒவ்வொரு பழத்துக்கும் பங்கு வந்தது.

வந்த சம்பாத்தியத்தை என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஏக்கத்தில் 1995-ல், சொந்த ஊரில் பிறந்த குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வீட்டுக்கே வரும்படி ஒரு திட்டம் ஆரம்பித்தார். அது பல தேசங்களுக்குப் பரவி, இருபது கோடிப் புத்தகங்களுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. இளம் தாய்மார்களே, வாய் பேசாத குழந்தைக்குக்கூட மடியில் வைத்துப் புத்தகம் படித்துக் காட்டலாம் என்பதை இவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எலிசபெத் பாட்டியை நடுவில் விட்டுவிட்டேனே! அவர் கதை சுகமாக முடிந்தது. கொள்ளுப்பேரன் பேத்திகளை உட்கார வைத்து, ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லச் சொல்லி ஒரு பாட்டுக் கட்டினார். 1967-ல் வந்த ரிகார்டில் அதைப் பாடியது கொள்ளுப்பேத்திதான். கச்சேரியிலும் ரிகார்டிலும் வந்த பணத்தில் 1978-ல் சிரக்யூஸ் என்ற ஊரில் சொந்தமாக வீடு வாங்கினார். 1985-ல், தொண்ணூறு வயதுக்கு மேல், கிராமி விருது! 1987-ல் காலமானார்.

இந்த மூன்று பெண்களுக்கும் திறமையில் குறைவில்லை. வித்தியாசம் ஒரு காகிதத்தில் இருந்தது. ஒருவர் காகிதத்தைப் பற்றி அறியவே இல்லை. நல்லவர்கள் துணை இருந்ததால் தப்பித்தார். ஒருவர் இழந்தார். ஒருவர் அழுதுகொண்டே காப்பாற்றிக்கொண்டார்.

நாம் பாட்டு எழுதவில்லை. ஆனாலும் நம் கையிலும் மரங்கள் உண்டு. ஊறுகாய், பொடி செய்து விற்கிறோம். கடன் பத்திரம் யார் பேரில்? தையல் கடைக்கு நாமே போட்ட டிசைனைக் கொடுக்கிறோம். நம் பெயர் எங்கே? தாய் வீட்டு நகையை அடகு வைக்கிறோம், ரசீது எங்கே? "எல்லாம் அவருக்குத் தெரியும்" என்று இருந்துவிடுகிறோம். சண்டை போடச் சொல்லவில்லை. படித்துப் பார்க்கலாம், கேட்கலாம், நகல் ஒன்று எடுத்து வைக்கலாம். புரியாவிட்டால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். ஒரு ராத்திரி தள்ளிப் போட்டால் ஒன்றும் முழுகிவிடாது.

சென்ற வாரம் இவர் ஏதோ பாங்க் பாரத்தைக் கொண்டுவந்து, வழக்கம்போல், "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றார். இருபது வருஷமாக, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தவள்தான் நான். இந்தத் தடவை, "கொஞ்சம் இருங்கள், கண்ணாடியை எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாலு பக்கத்தையும் படித்தேன். இரண்டு இடத்தில் புரியவில்லை, கேட்டேன். அவருக்கும் ஒரு இடம் புரியவில்லை! இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்தோம்.

காப்பி ஆறிப்போயிற்று. போகட்டும், மறுபடி சூடு பண்ணிக்கொண்டோம்.