ஊரார் பணத்தில் பெற்ற பட்டம்

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளை தெரிவாகிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் வினா, "படித்து முடித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்பதே. பெற்றோர் அவ்வாறு கேட்பதிற் குற்றமில்லை. ஆயினும் அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வினா இன்னொன்று உண்டு: "இப்படிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார்?"

1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம் என்கின்றோம். மாணவனுக்கு அது இலவசம்; நாட்டுக்கு அன்று. கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்களுக்கு அயலிலே நாட்கூலி செய்பவரும், மலைநாட்டிற் கொழுந்து கிள்ளுபவரும் தாம் வாங்கும் பொருள்கள்மீது செலுத்தும் வரியும் அதிற் கலந்திருக்கின்றது. அவர்களுள் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதித்ததேயில்லை.

இக்கடனை உணர்ந்த முன்னோர் நமக்குண்டு. கேம்பிரிட்ஜிற் பயின்று சிவில் சேவையில் உயர்ந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதனைக் காண அவர் இருக்கவில்லை. பேராதனையில் ஒரு மாணவர் விடுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பேராதனையில் மாணவர் விடுதிகளிலே தங்கிப் படிக்கவேண்டும் என்பது முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் நோக்கம். அதன் பயன் பெரிது. வேற்றூராரோடும் வேற்று மொழியினரோடும் ஒரே மேசையில் உண்பது, மாணவர் சங்கத் தேர்தலில் தோற்றும் சங்கத்தை விட்டு விலகாதிருப்பது, ஆதாரமின்றி வாதிடக் கூசுவது ஆகியவை யாவும் பொது வாழ்வுக்கான பயிற்சிகளே. பேராதனைப் பட்டதாரியான பேராசிரியர் கைலாசபதி, தினகரன் ஆசிரியராகித் தமிழ் வாசகருக்குத் தொண்டாற்றினார்; 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவருமானார்.

கொழும்பு மருத்துவ பீடத்திற் பயின்ற ராஜினி திராணகம, இங்கிலாந்தில் உயர்கல்வி முடித்தபின், போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்கே கற்பிக்கத் திரும்பினார். எத்தரப்பார் கொடுமை செய்யினும் எழுதிவைத்தார். 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி, 35ஆம் வயதிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கற்ற கல்விக்கு இதனினும் பெரிய விலை கொடுத்தவர் யார்?

பல்கலைக்கழகம் புகுந்தோர் யாவரும் இத்தகையோராவர் என்று நாம் மயங்கவில்லை. புதிய மாணவரைப் பகிடிவதை என்னும் பெயரால் துன்புறுத்துவோரும் அங்கேயே உளர். அதனைத் தடுக்க 1998இற் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எளியவனை அங்கே அடக்கிப் பழகியவன், நாளை அதிகார நாற்காலியில் அமர்ந்து யாரை வாழவைப்பான்?

2017 சித்திரைப் புத்தாண்டன்று கொலன்னாவை மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திடலாகாது. குப்பையை எங்கே கொட்டுவது என்பது பொறியியலாளர், மருத்துவர், சட்டத்தரணி, ஆசிரியர் ஆகிய அனைவருக்கும் உரிய வினா. ஆனால், எதிரே வாழ்ந்த ஏழைகளுக்கே அது உயிர்ப் பிரச்சினையாயிருந்தது.

மாணவர்களே, பட்டம் பெற்றதும் எல்லோரும் தேர்தலில் நிற்க வேண்டுமென்பதில்லை. உங்கள் நகரசபை வரிப்பணத்தை எவ்வாறு செலவிடுகின்றது என்று கேட்டறியுங்கள். அயல் வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் மாலை, ஏழைப் பிள்ளைகள் நால்வருக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். பெற்றோரே, உத்தியோகத்தைப் பற்றிப் பேசும் அதே வேளையில் இக்கடனையும் பிள்ளைக்கு எடுத்துரையுங்கள்.