தமிழ்ப்பள்ளி மேல் பழி போடாதீர்கள்



அண்மையில் ஒரு தாய் மகளோடு என் அலுவலகத்திற்கு வந்தார். மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. ஆனால் மூவெட் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி காலை வாரிவிட்டது. விரும்பிய துறை கிடைக்கவில்லை. "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியது என் தப்பா ஐயா?" என்று கேட்டார். உங்களில் பலர் மனத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

தப்பு உங்களுடையது அல்ல. அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டு ஆங்கிலம் படித்தவள். இந்த 11 ஆண்டில் வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசியது எத்தனை முறை என்று கேட்டேன். "ரெண்டு தடவை இருக்கும்" என்றாள். தேசியப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் பலரின் கதையும் இதுதான்.

2021க்கு முன் மூவெட்டில் பேச்சுக்கு 15 விழுக்காடுதான். இப்போது கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்கிற்கும் தலா 25 விழுக்காடு. வாய் திறக்காத பிள்ளைக்கு இழப்பு கூடிவிட்டது.

ஆங்கிலம் வளர்க்கிறோம் என்று 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திற்கு மாற்றினார்கள். தமிழ்ப்பள்ளிகளையும் விடவில்லை. 2009இல் அரசாங்கமே அதைக் கைவிட முடிவு செய்தது. கணக்கை ஆங்கிலத்தில் போடுவதால் மட்டும் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடாது.

பணமுள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1998இல் மோனாஷ், 2000இல் நாட்டிங்ஹாம் என வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கேயே கிளை திறந்தன. அங்கே பாடம் ஆங்கிலத்தில். அந்தக் கட்டணம் தொழிலாளி வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா? அரசாங்கப் பல்கலைக்கழகத்திலும் மேற்கோள் நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கிலம் நமக்குக் கட்டாயம் வேண்டும். அதற்காகத் தமிழை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தேசிய மொழி மலாய் என்று சொல்லும் அரசியலமைப்பின் 152ஆவது பிரிவே, பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கக்கூடாது என்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் சட்டத்திற்கு உட்பட்டவையே என்று 2021இல் உயர்நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

இனி நாம் செய்ய வேண்டியவை இரண்டு.

ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஆங்கிலம் போதிப்பவர் அந்தப் பாடத்தில் பயிற்சி பெற்றவரா? வாரத்தில் எத்தனை நிமிடம் பிள்ளைகள் பேசுகிறார்கள்? பதில் திருப்தி இல்லையென்றால் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்; கடிதத்திற்குப் பதில் கேட்கலாம்.

இரண்டு, பிள்ளையின் வெட்கத்தைப் போக்குங்கள். பல்கலைக்கழக வகுப்பில் இந்தோனேசிய மாணவனும் நைஜீரிய மாணவனும் வங்காளதேச மாணவனும் தத்தம் உச்சரிப்பில்தான் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஒருவருக்கொருவர் புரிகிறது, வேலை நடக்கிறது. நம் பாட்டிமார்கள் சந்தையில் மலாய் பேசியபோது இலக்கணம் பார்த்தா பேசினார்கள்? தினமும் ஒரு ஆங்கிலச் செய்தியைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். பிறகு அதை உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தப் பெண் அடுத்த தவணையில் மீண்டும் மூவெட் எழுதுகிறாள். இப்போது தினமும் இரவில் அம்மாவுக்குச் செய்தி படித்துச் சொல்கிறாள்.