முழங்காலுக்கும் தேய்மானக் கணக்கு உண்டு

அரியக்குடி, காரைக்குடி பக்கம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்கும். குறை கல்லில் இல்லை, பிடிப்பில்!

செயற்கை முழங்கால் மூட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆனால் ஆபரேஷனுக்கு முன் நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: "எந்தக் கம்பெனி? எவ்வளவு ஆகும்?"

பெரும்பாலான ஆபரேஷன்களில் உலோக மூட்டை எலும்போடு பிடித்து வைப்பது 'எலும்பு சிமென்ட்'. வீடு கட்டும் சிமென்ட் அல்ல, ஒருவகை அக்ரிலிக். பொடியையும் திரவத்தையும் கலந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். இது பசையும் அல்ல. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகுவதால்தான் பிடிக்கிறது. ரத்தமும் கொழுப்பும் படிந்திருந்தால் பிடிப்பு குறையும். அதனால் எலும்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஈரம் ஒற்றி, சிமென்ட் இறுகும்வரை காலை ஆடாமல் வைத்திருக்க வேண்டும். இந்தச் சில நிமிட உழைப்பு எந்த பில்லிலும் தனியாக வராது.

அதற்குப் பிறகு தேய்மானம். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் தேய்ந்து நுண்துகள்கள் விழும். உடம்பு அவற்றை எதிர்த்துப் போராடும்போது சுற்றியுள்ள எலும்பும் கரைகிறது. மூட்டு ஆட ஆரம்பிக்கிறது. கிருமித் தொற்றாலும் இதே நிலை வரலாம்.

உடனே பயப்பட வேண்டாம். 25 வருடம் கழித்தும் சுமார் 82 சதவீத மூட்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்று 2019-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அந்தக் கணக்கு ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளிலிருந்து எடுத்தது. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டே பழகிய நம் ஊர் ஆச்சிகளின் கணக்கு எங்கே?

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது. நல்ல காரியம்! ஆனால் அதே அறிவிப்பில், மறு ஆபரேஷனுக்கான மூட்டின் விலை 1,13,950 ரூபாய், வரி தனி. அதாவது முதல் மூட்டு கழன்றால், மூட்டுக்கு மட்டும் இரண்டு மடங்கு. எனவே வாங்கும் விலையை மட்டும் பார்த்து, ஆயுட்காலத்தைப் பார்க்காமல் விட்டால் அது அரைக் கணக்குதான்.

ஸ்வீடன் 1975-லேயே முழங்கால் பதிவேடு தொடங்கிவிட்டது. எந்த மூட்டு, எந்த முறை சீக்கிரம் கழல்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். இந்தியாவில் மூட்டு மருத்துவர் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் விவரம் தருவது அவரவர் விருப்பம். இதன் விலை என்ன என்பதை இடுப்பு மூட்டில் பார்த்தாயிற்று. 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட 'ஏஎஸ்ஆர்' மூட்டுக்காக இந்தியாவில் நடந்தவை சுமார் 4,700 ஆபரேஷன்கள். கண்டுபிடிக்க முடிந்ததோ ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான்!

"ஏற்கனவே வேலைப்பளு, இதில் பதிவேடு வேறா?" என்று மருத்துவமனைகள் கேட்கலாம். பில் போடக் கணினி இருக்கிறது; அதிலேயே இன்னும் நாலு வரி சேர்ப்பது பெரிய சுமை அல்ல. விலைக்குச் சட்டம் போட்ட அரசு, பதிவேட்டையும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை வீட்டுப் பெரியவர்களுக்காக ஒன்று செய்யலாம். மூட்டுப் பெட்டியில் கம்பெனி பெயர், மாடல், எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். டிஸ்சார்ஜ் ஃபைலில் அது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மிக்ஸி வாங்கினாலே வாரண்டி கார்டைப் பத்திரப்படுத்தும் ஊர் இது. முழங்காலுக்கு வேண்டாமா?